டென்மார்க்குக் குடியானவர்களும் பன்றி இறைச்சி ஏற்றுமதியும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்திற் செய்யப்பெற்ற பிரசங்கம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தின் பெயரைக் கேட்டவுடன் உங்களிற் சிலர் முகஞ் சுளித்திருக்கக் கூடும்; சிலர் நகைத்துமிருக்கலாம். "பன்றி இறைச்சியைக் கப்பலேற்றுவதைப் பற்றி நமக்கென்ன பிரசங்கம்?" என்று வாயிலிலேயே ஒரு நண்பர் என்னை நிறுத்திக் கேட்டார். அவருக்குச் சொன்ன மறுமொழியையே உங்களுக்கும் சொல்லுகிறேன். இன்னதை உண்க, இன்னதை விலக்குக என்று சொல்ல நான் இங்கு வரவில்லை. உணவு அவரவர் வழக்கத்தையும் மனச்சாட்சியையும் பொறுத்தது. ஒரு சிறு தேசத்துக் குடியானவர்கள், சந்தையின் வாயில் அடைபட்ட நாளில், ஒருவர்க்கொருவர் கொடுத்துக்கொண்ட வாக்கையே கைம்முதலாக வைத்துக் கடலுக்கு அப்பாலிருந்த ஒரு பெருஞ் சந்தையைப் பிடித்த வரலாற்றையே சொல்ல வந்தேன். அவர்கள் விற்ற பண்டம் பன்றி இறைச்சி, அவ்வளவே. சங்கம் வைத்து நடத்துகிறவர்கள் யாவரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அது.

டென்மார்க்கு ஐரோப்பாவின் வடபாகத்திலுள்ள ஒரு சிறிய இராஜ்யம். இன்றும் அங்குள்ள ஜனத்தொகை ஏறக்குறைய 60 லட்சமே. மலை வளமில்லை, நிலக்கரியில்லை, இரும்பில்லை. ஜட்லாந்து என்னும் தீபகற்பத்தின் மேற்குப் பாகம் அக்காலத்தில் மணலும் புதருமாகக் கிடந்தது. 1864 ஆம் ஆண்டில் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் தொடுத்த யுத்தத்தில் அத்தேசம் தோற்று, ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் முதலிய செழிப்பான மாகாணங்களை இழந்தது. அம்மாகாணங்களோடு அங்கிருந்த துறைமுகங்களும் கைவிட்டுப் போயின. ஆதலால் மேற்குக் கடற்கரையிற் புதிதாக ஒரு துறைமுகம் கட்டுவதற்கு 1868 ஆம் ஆண்டிற் சட்டம் செய்தார்கள். அதுவே எஸ்பியெர் துறைமுகம். அதன் முகம் இங்கிலாந்தை நோக்கியிருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

யுத்தத்தின் துயரம் ஆறுமுன்னர் மற்றொரு துயரம் வந்தது. அதுவரை டென்மார்க்குக் குடியானவன் தானியம் விளைவித்து அயல்நாடுகளுக்கு அனுப்பிப் பிழைத்து வந்தான். 1870 ஆம் ஆண்டுக்குப் பின்னர் அமெரிக்காவின் பரந்த சமவெளிகளிலிருந்தும் ருஷியாவிலிருந்தும் இருப்புப்பாதையாலும் நீராவிக் கப்பலாலும் தானியம் மலைமலையாக வந்து குவிந்தது. விலை சரிந்தது. ஜெர்மனியும் பிரான்சும் தங்கள் குடியானவர்களைக் காக்கும்பொருட்டு அயல்நாட்டுத் தானியத்துக்குச் சுங்கவரி விதித்தன. டென்மார்க்கு அவ்வாறு செய்யவில்லை. தானியம் மலிவாயிற்றென்றால் அதை விற்பானேன், வாங்கி மாட்டுக்கும் பன்றிக்கும் தீனியாகப் போட்டு, வெண்ணெயாகவும் இறைச்சியாகவும் மாற்றி விற்போம் என்று அக்குடியானவர்கள் துணிந்தார்கள். தானியம் விற்ற தேசம் சில ஆண்டுகளில் தானியம் வாங்கும் தேசமாயிற்று. இத்துணிவுக்கு அடிப்படையாக இருந்தவற்றுள் கல்வி ஒன்று. குருண்ட்விக் என்னும் பாதிரியாரின் கருத்தைப் பின்பற்றி 1844 ஆம் ஆண்டிலேயே தொடங்கிய பொதுஜனக் கல்விச்சாலைகள் நாடெங்கும் பரவியிருந்தன. அவற்றிற் பரீட்சையில்லை, பட்டமில்லை. குடியானவர் வீட்டு வாலிபர்கள் சில மாதங்கள் அங்கே தங்கிச் சரித்திரமும் தாய்மொழியும் கற்றுக் கூடி வாழவும் கூட்டத்தில் எழுந்து பேசவும் பழகினார்கள். பின்னாளிற் சங்கங்களை நடத்தியவர்களிற் பலர் இவ்வாறு பயின்றவர்கள்.

இனி, பன்றி எவ்வாறு வந்தது என்று பார்ப்போம். பன்றியை வளர்த்தது பசு என்று சொல்லுவது மிகையாகாது. 1878 ஆம் ஆண்டளவிற் பாலேட்டைப் பிரிக்கும் சுழல் யந்திரம் வழக்கத்துக்கு வந்தது. யந்திரத்தின் விலையோ ஒரு குடியானவனால் தாங்கத்தக்கதன்று. 1882 ஆம் ஆண்டில் மேற்கு ஜட்லாந்தில் யெடிங் என்னும் ஊரிற் குடியானவர்கள் கூடி ஐக்கிய முறையில் ஒரு பால்சாலை அமைத்தார்கள். காலையிற் பாலைக் கொண்டுபோய் ஊற்றுவது, ஏடு எடுத்த பாலைத் திரும்பக் கொண்டுவருவது, வெண்ணெய் விற்ற பணத்தைப் பாலின் அளவுக்கேற்பப் பங்கிட்டுக்கொள்வது, இதுவே ஏற்பாடு. சில ஆண்டுகளுக்குள் நாடெங்கும் நூற்றுக்கணக்கான பால்சாலைகள் எழுந்தன. வீட்டுக்குத் திரும்பி வந்த அந்த ஏடு நீங்கிய பாலை என்ன செய்வது? வாற்கோதுமையோடு கலந்து பன்றிக்கு ஊற்றினார்கள். அத்தீனியால் இறைச்சி கெட்டியாகவும் கொழுப்பு வெண்மையாகவும் அமைந்தது. வீணாய்ப் போகவேண்டிய பொருளிலிருந்து ஒரு பெரிய வியாபாரம் பிறந்தது.

அவ்வியாபாரம் முதலில் இங்கிலாந்தை நோக்கிச் செல்லவில்லை. பன்றிகளை உயிரோடு ஜெர்மனிக்கு அனுப்புவதே பெருவழக்கம். 1887 ஆம் ஆண்டிற் பன்றிகளுக்குக் கொள்ளைநோய் கண்டது. அவ்வாண்டின் இறுதியில் ஜெர்மனி டென்மார்க்குப் பன்றிகள் தன் எல்லைக்குள் வரலாகாதென்று தடுத்துவிட்டது. கொட்டில் நிறையப் பன்றி, வாங்குவாரில்லை. தனி முதலாளிகள் நடத்திய உப்பிடுசாலைகள் சில உள்நாட்டில் இருந்தன. ஆயினும் வேறு போக்கிடமில்லாதவனுக்கு அவர்கள் சொன்னதே விலையாகிவிடும் அன்றோ?

அந்நாளில் ஜட்லாந்தின் கிழக்குக் கரையிலுள்ள ஹோர்சென்ஸ் என்னும் நகரத்தைச் சூழ்ந்திருந்த குடியானவர்கள் தாங்களே ஓர் அறுப்புச்சாலை வைக்கத் தீர்மானித்தார்கள். இம்முயற்சியை முன்னின்று ஊக்கியவர்களுள் பீட்டர் போய்சன் என்பவர் பெயர் வரலாற்றில் நிலைத்திருக்கிறது. 1887 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், ஜெர்மனியின் வாயில் அடைபட்ட சில வாரங்களுக்குள், அங்கே வேலை தொடங்கியது. உலகத்தில் ஐக்கிய முறையில் எழுந்த பன்றி அறுப்புச்சாலைகளுள் அதுவே முன்னோடி என்று கொண்டாடப்படுகிறது.

பெரியோர்களே! அவர்களிடம் பணம் ஏது என்று நீங்கள் கேட்பீர்கள். பணம் கடனாக வந்தது. அங்கத்தினர் யாவரும் ஒருவர்க்கொருவர் பிணை நின்றார்கள். அப்பிணையின்மேற் கடன் கிடைத்தது. ஆனால் அதனினும் பெரிய முதல் ஒன்றிருந்தது. "அறுப்புக்கு உரிய என் பன்றிகள் அனைத்தையும், குறித்த ஆண்டுகள் முடியும் வரையில், சங்கத்துக்கே தருவேன், வேறெவருக்கும் விற்கேன், தவறினால் அபராதம் செலுத்துவேன்" என்று ஒவ்வொருவரும் எழுதிக் கையெழுத்திட்டார்கள். அந்தக் காகிதம் அவ்வறுப்புச்சாலையின் அஸ்திவாரம் என்றே சொல்லலாம்.

ஏன் என்று சற்று விரித்துச் சொல்லுகிறேன். அறுப்புச்சாலை என்பது பெருஞ்செலவு பிடிக்கும் ஏற்பாடு. கொதிகலன், பனிக்கட்டி, உப்புநீர்த் தொட்டி, கூலியாட்கள், கப்பலில் முன்கூட்டிப் பேசிய இடம் ஆகிய இவ்வளவுக்கும் பன்றி வந்தாலும் வராவிட்டாலும் செலவு உண்டு. வாரத்துக்கு 500 பன்றி வருமென்று கட்டிய சாலைக்கு 200 மட்டும் வந்தால் ஒவ்வொரு பன்றியின் மேலும் விழும் செலவு இரண்டரை மடங்காகிவிடும். இதைத் தனி வியாபாரி நன்கறிவான். அவன் என்ன செய்வான்? சங்கம் கொடுப்பதிலும் சிறிது அதிகம் கொடுத்து இந்த வாரம் உங்கள் பன்றியை வாங்குவான். உங்கள் அயலானுடையதையும் வாங்குவான். சங்கத்துக்கு வரவு குறையும்; செலவு ஏறும்; ஓராண்டிற் கதவு சாத்தப்படும். சங்கம் ஒழிந்த மறுவாரம் அவன் தரும் விலை என்னவாயிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை. அன்று அதிகமாகக் கிடைத்த சில காசுகள் அங்கத்தினன் தன் சங்கத்தை விற்ற கிரயம். டென்மார்க்குக் குடியானவன் இந்தக் கணக்கை முன்னதாகவே போட்டுப் பார்த்தான். தன்னுடைய பிற்காலத்து ஆசையிலிருந்து தன்னைத் தானே காத்துக்கொள்வதற்காகவே அவன் அந்தக் கையெழுத்தை இட்டான்.

நிர்வாகமும் நியாயமான முறையில் அமைந்தது. நூறு பன்றி அனுப்புகிறவனுக்கும் ஒரு வாக்கு. ஐந்து பன்றி அனுப்புகிறவனுக்கும் ஒரு வாக்கு. மனிதர் தலையை எண்ணுவது, மிருகங்களின் தலையை எண்ணுவதில்லை என்பது அவர்கள் கொள்கை. லாபமோ மூலதனத்தைப் பார்த்துப் பங்கிடப்படவில்லை. பன்றியைக் கொடுத்த அன்று ஒரு விலை தரப்படும். ஆண்டின் கணக்கு முடிந்தபின் மிஞ்சியதை, அவரவர் கொடுத்த இறைச்சியின் நிறைக்கேற்ப மறுபடியும் பகிர்ந்தளிப்பார்கள். உழைத்தவனுக்கே ஊதியம் சென்றது. சிறியவன் பெரியவனுக்கு அஞ்ச வேண்டியதாகவும் இல்லை.

இனி, வாங்குகிறவனைப் பார்ப்போம். இங்கிலாந்தில் தொழிற்சாலைகள் பெருகி, நகரங்களில் ஜனங்கள் நெருங்கி வாழத் தொடங்கிய காலம் அது. ஆங்கிலேயன் காலையுணவிற் பேகன் என்னும் உப்பிட்ட பன்றி இறைச்சியை விரும்புகிறான். இங்கிலாந்தின் வில்ட்ஷயர் மாகாணத்தில் வழங்கிய முறைப்படி, பன்றியை இரு பக்கங்களாகப் பிளந்து, ஒவ்வொரு பக்கத்தையும் முழுதாகவே உப்புநீரிற் பதம் செய்வார்கள். அவனுக்குக் கொழுத்த பன்றி உதவாது. உடல் நீண்டும் முதுகுக் கொழுப்பு மெலிந்தும் இருக்க வேண்டும். ஒரு வாரம் வந்ததைப் போலவே மறுவாரமும் வர வேண்டும். எந்தப் பருவத்திலும் தடைபடலாகாது.

டென்மார்க்குக் குடியானவன், "என்னிடம் உள்ளது இதுதான், வேண்டுமானால் வாங்கிக்கொள்" என்று சொல்லவில்லை. வாங்குகிறவனுடைய நாவுக்கு ஏற்பத் தன் பன்றியையே மாற்றினான். இங்கிலாந்திலிருந்து பெரிய வெள்ளை யார்க்ஷயர் பன்றியை வருவித்துத் தன் நாட்டுப் பன்றியோடு கலந்தான். 1890 ஆம் ஆண்டுகளில், அரசாங்கத்தின் மேற்பார்வையோடு, நல்ல இனத்தைப் பெருக்கும் பண்ணைகள் ஏற்பட்டன. 1907 ஆம் ஆண்டில் இன்னும் ஒரு படி மேலே சென்றார்கள். ஒரே ஈற்றிற் பிறந்த நான்கு குட்டிகளைப் பொதுவான பரிசோதனைச்சாலைக்கு அனுப்பி, ஒரே விதமான தீனி கொடுத்து வளர்த்து, எவ்வளவு தீனிக்கு எவ்வளவு எடை ஏறியது, அறுத்தபின் கொழுப்பின் கனம் எவ்வளவு, உடலின் நீளம் எவ்வளவு என்று அளந்து எழுதினார்கள். தாயும் தந்தையும் நல்லவையா என்பதை அவற்றின் தோற்றத்தைக் கண்டு சொல்லாமல் மக்களைக் கொண்டு அறிந்தார்கள். அறுப்புச்சாலையும் தரத்துக்குத் தக்கவாறே விலை தந்தது. மெலிந்த முதுகுக்கு அதிக விலை, கொழுத்ததற்குக் குறைந்த விலை என்றால், இனத்தை மாற்றும்படி எவரும் பிரசங்கம் செய்ய வேண்டுவதில்லை.

தரம் உயர்ந்தபின் பெயரையும் காத்தார்கள். வெண்கலக் காலத்தில் அந்நாட்டில் ஊதப்பட்ட லூர் என்னும் வளைந்த கொம்பு வாத்தியம் ஒன்றுண்டு. 1901 ஆம் ஆண்டில் வெண்ணெய்க்கு ஏற்பட்ட அந்த லூர் முத்திரை, பின்னர் இறைச்சிக்கும் வந்தது. முத்திரை பெற்ற சரக்கில் ஒன்று கெட்டாலும் தேசத்தின் பெயர் கெடும் என்பதால், ஒவ்வொருவனும் அயலானுடைய சுத்தத்திலும் அக்கறை கொள்ளலானான். 1902 ஆம் ஆண்டில் அறுப்புச்சாலைகள் ஒன்றுகூடி லண்டனிலேயே தங்கள் சொந்த விற்பனைக் கம்பெனியை வைத்தன. பண்ணையில் தொடங்கி லண்டன் மொத்த வியாபாரியின் கிடங்கு வரையில் பொருள் குடியானவன் கையை விட்டு நீங்கவில்லை. எஸ்பியெர் துறைமுகத்திலிருந்து வாரந்தவறாமற் கப்பல்கள் ஓடின. 1930 ஆம் ஆண்டுகளில் நாட்டில் 60 அளவில் ஐக்கிய அறுப்புச்சாலைகள் இருந்தன. இங்கிலாந்து அயல்நாடுகளிலிருந்து வாங்கிய பேகனிற் பாதிக்கு மேற்பட்டது அந்தச் சிறு தேசத்திலிருந்தே சென்றது.

சகோதரர்களே! இதுவரை சொன்னது ஏற்றத்தின் கதை. இத்தோடு நிறுத்தினால் நான் உங்களுக்கு உண்மையிற் பாதியையே சொன்னவனாவேன்.

ஒரே வாயிலை நம்பியவன் அந்த வாயிற்காப்போனுக்கு அடிமை. 1887 இல் ஜெர்மனியிடம் கற்ற இந்தப் பாடத்தை டென்மார்க்கு இங்கிலாந்திடம் மறுபடியும் கற்க நேர்ந்தது. 1932 ஆம் ஆண்டில் ஆட்டவா நகரத்தில் நடந்த மகாநாட்டுக்குப் பின்னர் இங்கிலாந்து தன் சாம்ராஜ்யத்துச் சரக்குக்கு முதலிடம் தந்து, அயல்நாட்டுப் பேகனுக்கு அளவு வகுத்தது. அதனால் 1933 ஆம் ஆண்டில் டென்மார்க்கு அரசாங்கம் ஒவ்வொரு பண்ணைக்கும் பன்றிச் சீட்டு வழங்க வேண்டியதாயிற்று. சீட்டுள்ள பன்றிக்கு நல்ல விலை. சீட்டில்லாததற்கு அற்ப விலை. 1940 ஆம் ஆண்டு ஏப்ரல் 9 ஆம் தேதி ஜெர்மானியப் படை நாட்டைக் கைப்பற்றியபோது இங்கிலாந்தின் வாயில் முற்றிலும் அடைபட்டது. யுத்தம் முடிந்தபின் வியாபாரம் மீண்டது. ஆயினும் இங்கிலாந்தின் போக்கையே பார்த்திருக்க வேண்டிய நிலை நீங்கவில்லை. 1973 ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி, இங்கிலாந்து ஐரோப்பியப் பொருளாதார சமூகத்தில் நுழைந்த அதே நாளில் டென்மார்க்கும் நுழைந்ததற்கு அந்தச் சந்தை ஒரு முக்கிய காரணம். அதன் பின்னரே ஜப்பான், ஜெர்மனி, பிற்காலத்திற் சீனா என்று பல வாயில்களைத் திறந்து வைத்தார்கள். ஒரே பன்றியின் வயிற்றுப் பாகம் ஒரு நாட்டுக்கும், காதும் காலும் மற்றொரு நாட்டுக்கும் செல்லுகின்றன. ஒருவன் வேண்டாமென்றது மற்றொருவனுக்கு விருந்து.

இக்காலத்து நிலையையும் சுருக்கிச் சொல்லுகிறேன். அறுபது அளவில் இருந்த சங்கங்கள் ஒன்றோடொன்று கலந்து, பெரும்பாலும் டேனிஷ் கிரவுன் என்னும் ஒரே சங்கத்தில் அடங்கிவிட்டன. அதன் உடைமையாளர் இன்றும் குடியானவர்களே. முதற் சாலை எழுந்த ஹோர்சென்ஸ் நகரத்திலேயே 2005 ஆம் ஆண்டளவில் அச்சங்கம் திறந்த புதிய சாலை, வாரத்துக்கு ஏறக்குறைய 1 லட்சம் பன்றிகளை அறுக்கும் ஆற்றலோடு கட்டப்பட்டது. உள்ளே நடப்பதை வெளியார் வந்து பார்ப்பதற்கு வழியும் வைத்திருக்கிறார்கள். மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்பது கருத்து.

ஆனால் காலம் ஒரு வட்டத்தைச் சுற்றி வந்துவிட்டது. இன்று டென்மார்க்கிலிருந்து ஆண்டுக்கு 1 கோடிக்கு மேற்பட்ட பன்றிக்குட்டிகள் உயிரோடு போலந்துக்கும் ஜெர்மனிக்கும் லாரிகளிற் செல்லுகின்றன. அங்கே வளர்ப்பதற்கும் அறுப்பதற்கும் செலவு குறைவு. ஆதலால் குட்டிக்கு நல்ல விலை கிடைக்கிறது. ஹோர்சென்ஸ் குடியானவர்கள் இட்ட கையெழுத்து அறுப்புக்கு உரிய பன்றியைப் பற்றியது. குட்டியை விற்பதை அது தடுக்கவில்லை. சாலைகளுக்குப் பன்றி குறைந்தது. 2024 ஆம் ஆண்டில் ரிங்ஸ்டெட் நகரத்து அறுப்புச்சாலை மூடப்பட்டு ஏறக்குறைய 1,200 பேர் வேலையிழந்தார்கள். குட்டியை விற்றவன் மேல் நான் குற்றஞ் சொல்லவில்லை. அவனுக்கும் கடனுண்டு, குடும்பமுண்டு. ஆயினும் நான் முன்னே சொன்ன கணக்கை நினைத்துப் பாருங்கள். பாட்டன்மார் எந்த ஓட்டையை அடைத்தார்களோ, அது வேறொரு பக்கத்தில் திறந்துகொண்டது.

நோயின் அச்சமும் நீங்கியபாடில்லை. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்னும் கொள்ளைநோய் ஐரோப்பாவிற் பரவவே, காட்டுப்பன்றிகள் அதைக் கொண்டுவராதபடி டென்மார்க்கு 2019 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் எல்லையில் ஏறக்குறைய 70 கிலோமீட்டர் நீளத்துக்கு வேலி போட்டது. சிலர் அதை நகைத்தார்கள். மறு ஆண்டு, 2020 செப்டம்பரில், ஜெர்மனியின் கிழக்குப் பாகத்தில் இறந்து கிடந்த ஒரு காட்டுப்பன்றியில் அந்நோய் காணப்பட்டது. உடனே சீனா, ஜப்பான், தென்கொரியா முதலிய நாடுகள் ஜெர்மானியப் பன்றி இறைச்சியைத் தடுத்துவிட்டன. பண்ணைப் பன்றி ஒன்றுக்கேனும் நோயில்லாதபோதே இப்படியாயிற்று. கடல் கடந்த வியாபாரம் எவ்வளவு மெல்லிய நூலிலே தொங்குகிறதென்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

ஊரார்க்கு உண்டான தீங்கையும் மறைப்பது நியாயமன்று. மனிதரைவிடப் பன்றிகள் மிகுந்த நாட்டில் அவற்றின் கழிவு வயல்களிலிருந்து வடிந்து கடற்கழிகளைக் கெடுத்திருக்கிறது. பன்றிகளை விரைவில் வளர்ப்பதற்காகத் தீனியிற் கலந்த நோய்க்கிருமி மருந்துகளை 2000 ஆம் ஆண்டுக்குள் குடியானவர்களே முன்வந்து நிறுத்தினார்கள், அது பாராட்டத்தக்கது. கால்நடைகளால் வெளியாகும் வாயுவுக்கு 2030 முதல் வரி விதிப்பதென்று 2024 ஆம் ஆண்டில் அந்நாட்டில் உடன்பாடு ஏற்பட்டது. லாபத்தைப் பங்கிட்டதுபோல நஷ்டத்தையும் எப்படிப் பங்கிடுவதென்பதே இனி அவர்கள் முன் நிற்கும் கேள்வி.

இவ்வளவும் கேட்டபின், நாமும் பன்றி வளர்க்கப் புறப்பட வேண்டுமென்று எவரும் கொள்ள வேண்டாம். ஒரு சமூகத்தின் கையிலிருக்கும் பொருள் பாலாயிருக்கலாம், நூலாயிருக்கலாம், எண்ணெயாயிருக்கலாம். அதைத் தூரதேசத்துக்கு அனுப்ப முயலும்போது மூன்று விஷயங்களை மறவாதிருந்தாற் போதும். வாங்குகிறவன் எதை வேண்டுகிறான் என்பதை அறிந்து, அதற்கேற்பத் தன் பொருளைத் திருத்துவது ஒன்று. ஒரே வாயிலை நம்பாதிருப்பது மற்றொன்று. மூன்றாவதே எல்லாவற்றிலும் அரியது: வெளியில் இரண்டு காசு அதிகமாகக் கிடைக்கும் நாளிலும் சங்கத்துக்குச் சொன்ன சொல்லைக் காப்பது. சங்கத்திற் சேருவது எளிது. சந்தா செலுத்துவதும் எளிது. அந்த இரண்டு காசை வேண்டாமென்று சொல்லிவிட்டுச் சங்கத்தின் வாசலுக்குத் தன் சரக்கை ஓட்டிக்கொண்டு போவதுதான் அரிது. 1887 ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் ஹோர்சென்ஸ் குடியானவன் அதைத்தான் செய்தான்.